கை நடுக்கமும் சாமி நடுக்கமும்
(வள்ளியூர்க் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கை நடுக்கம். ஒருவருக்குக் காரணம் தெரியாமல் கை நடுங்க ஆரம்பித்தால், அவர் நரம்பு நோய்க்கென்று படித்த நிபுணரிடம் போவதா, வேண்டாமா, போவதானால் எப்பொழுது போவது என்பதே கேள்வி. சுயமரியாதைக் கூட்டத்தில் வைத்தியத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் ஜில்லாவில் நடுக்கம் வைத்தியரிடம் போவதற்கு முன்னால் சாமியிடம் போய்விடுகிறது. ஆகையால்தான் இதை இந்த மேடையில் பேசவேண்டியிருக்கிறது.

சுடலைமாடன் கொடைக்குப் போய்ப் பாருங்கள். மேளம் ஓங்கினதும் ஒருவருக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது, வாக்குக் கேட்கிறது. மேளம் நின்றதும் நடுக்கமும் நின்றுபோகிறது. அதே மனிதருக்கு மறு மாதம் காப்பி டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்கினால், செய்வினை என்கிறார்கள், கோளாறு என்கிறார்கள். கோவிலில் நடுங்கினால் சாமி! வீட்டில் நடுங்கினால் பேய்! மதுக்கடை வாசலில் நடுங்கினால் குடிகாரன்! போலீஸ்காரர் முன் நடுங்கினால் திருடன்! இப்படி நடுக்கத்திற்கு நாலு பேர் வைக்கத் தெரிந்த நமக்கு, ஏன் நடுங்குகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லையே, இதற்கு யார் வெட்கப்படுவது?

இதனால் வரும் கஷ்டம் கொஞ்சமல்ல. பீடி சுற்றும் ஒரு தாய்க்கு விரல் நடுங்கினால் அன்றைக்குச் சுற்றும் எண்ணிக்கை குறைகிறது, கூலி குறைகிறது. சவரத் தொழிலாளிக்கு நடுங்கினால் அவர் கையில் கத்தி இருக்கும்போது யார் உட்காருவார்கள்? கலியாணத்திற்கு இருக்கும் பெண்ணுக்கு நடுங்கினால் வீட்டார் வெளியே சொல்லுவதே இல்லை. ஆகவே எல்லோரும் கையை மறைக்கிறார்கள். கலியாண வீட்டில் பாயாசம் வேண்டாம் என்கிறார்கள். கையெழுத்துக்குப் பதில் விரல்ரேகை வைக்கிறார்கள். மறைத்துக்கொண்டே வேப்பிலை அடிக்கவும், கயிறு கட்டவும் காசு கொடுக்கிறார்கள். திருநீறு போட்டால் சரியாகிவிடும் என்று அண்ணாச்சி ஒருவர் சொல்லிவிட்டால் போதும், ஒரு வருஷம் போய்விடுகிறது. நோய் வருவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. காரணம் கேட்க வெட்கப்படுவதுதான் மானக்கேடு.

நிற்க, நடுக்கம் என்றாலே பெரிய நோய் என்று நாம் சொல்லவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு நடுக்கம் எல்லார் கையிலும் உண்டு. பயம், கோபம், பசி, தூக்கமின்மை, கடுங்காப்பி இவற்றால் அது கூடும். அவை போனால் குறையும். இதற்கு எந்த நிபுணரும் வேண்டாம்.

அடுத்தபடியாக, நீங்கள் சாப்பிடும் மருந்தைப் பாருங்கள். இழுப்புக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் ஆகியவை கை நடுக்கம் தரக்கூடியவை. தலைசுற்றலுக்கென்று மாதக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின் மாத்திரை சிலருக்கு நடுக்கத்தோடு உடம்பு விறைப்பையும் உண்டாக்கும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரும். மருந்து எழுதிக் கொடுத்தவரிடமே போய்க் கேளுங்கள். பாதரசமும் நடுக்கம் தரும் விஷம். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் தொப்பி செய்யும் தொழிலாளர்கள் பாதரசத்தால் நடுங்கிப்போனார்கள். ஆகையால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்கும் செந்தூரத்தைச் சாப்பிடுகிறவர்கள் யோசிக்கவேண்டும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் கை நடுங்கும், உடம்பு இளைக்கும், நெஞ்சு படபடக்கும். இதை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுவிடலாம்.

இவையெல்லாம் இல்லையென்றால், பெரும்பாலும் கேட்கவேண்டியது இரண்டு நோய்களைப் பற்றி. ஒன்று எசென்ஷியல் டிரெமர் என்பது. கை ஒரு காரியம் செய்யும்போது இது வரும்: டம்ளரைத் தூக்கும்போது, எழுதும்போது, ஊசியில் நூல் கோர்க்கும்போது. சாதாரணமாக இரண்டு கையிலும் இருக்கும். தலையும் குரலும்கூட நடுங்கலாம். பல குடும்பங்களில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் தொடர்ந்து வரும். இதைத்தான் குடும்ப சாபம் என்று நம்மவர்கள் சொல்லுகிறார்கள். பிள்ளைக்குத் தகப்பன் மூக்கு வந்தால் சாபம் என்கிறோமா? இந்த நடுக்கம் கொஞ்சம் மது உள்ளே போனால் சற்று நேரம் அடங்கும். அதை நம்பிக் குடிக்கு அடிமையானவர்களும் உண்டு. போதை இறங்கினதும் நடுக்கம் திரும்பி வரும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மற்றொன்று பார்க்கின்சன் நோய். இதில் கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். மாத்திரை உருட்டுவதுபோல் விரல் அசைகிறது என்று மேல்நாட்டு வைத்தியர்கள் எழுதினார்கள். நம் ஊர்க்காரர்கள், இலையில்லாமல் பீடி சுற்றுவதுபோல் என்றால் உடனே தெரிந்துகொள்வார்கள். அதோடு நடை மெதுவாகும். நடக்கும்போது ஒரு கை வீசாது. எழுத்து வரவரச் சிறுத்துப்போகும். முகம் உணர்ச்சியற்றதுபோல் இருக்கும். மோப்பம் குறைவதும் மலச்சிக்கலும் பல வருஷங்களுக்கு முன்பே வந்திருக்கக்கூடும்.

இந்த நோய்க்குக் காரணம் எப்படித் தெரிந்தது என்பதைக் கேளுங்கள். 1817-ல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளைக் கவனித்து எழுதினார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. தெரியாததற்குப் பிசாசு என்று பேர் வைக்கவுமில்லை. 1957-ல் சுவீடன் தேசத்து அர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்ப்பின் என்ற மருந்தைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப் போகச்செய்தார். பிறகு லெவோடோபா கொடுத்து அவற்றை மறுபடி ஓடச்செய்தார். 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் என்ற பொருள் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார். 1967-ல் நியூயார்க்கில் கோட்சியாஸ் டோபாவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்களை நடக்கவைத்தார். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நமக்கும் பங்கில்லாமல் இல்லை. நம் வேலியோரத்தில் படரும் பூனைக்காலி விதையில் அதே லெவோடோபா இருப்பதை 1937-ல் சென்னைச் சர்வகலாசாலையில் தாமோதரன், ராமசாமி என்பவர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நாட்டு வைத்தியத்தில் அவ்விதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பார்த்தீர்களா, எல்லாம் எங்கள் முன்னோர் அறிந்ததுதான் என்று சிலர் கிளம்புவார்கள். விதையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, மூளையில் எது குறைந்திருக்கிறது என்று கண்டது சோதனைதானே? ஒரு விதையில் இருக்கும் அளவு மற்றொன்றில் இராது. பொடியை இஷ்டம்போல் விழுங்கினால் வாந்தியும் மயக்கமும் தாறுமாறான அசைவும் வரலாம். முன்னோர் கண்டதை மதிப்பது என்றால் அதைச் சோதித்துப் பார்ப்பது என்று அர்த்தம்.

இனி, கடவுள் குணப்படுத்துவார் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் தீரவேண்டி முருகனிடம் போகிறவர்களும், உவரி அந்தோணியாரிடம் போகிறவர்களும், ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். கத்தோலிக்க உலகத்திற்கே தலைவராயிருந்த போப் இரண்டாம் ஜான் பாலுக்குப் பார்க்கின்சன் நோய் இருந்தது. கோடிக்கணக்கானவர்கள் அவருக்காக ஜெபித்தார்கள். அவரோ ரோமாபுரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டார். 2005-ல் காலமானார். பிறகு, அதே நோயுள்ள ஒரு பிரெஞ்சுக் கன்னிகாஸ்திரீயை அவர் செத்தபின் குணப்படுத்தினார் என்று அற்புதம் எழுதி, 2011-ல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் கொடுத்தார்கள்! உயிரோடு இருந்தபோது தன் கையை நிறுத்தமுடியாதவர், செத்தபின் அடுத்தவர் கையை நிறுத்தினார் என்றால் அறிவுள்ளவர்கள் சிரிக்கமாட்டார்களா? அவரைப் பரிகாசம் செய்ய இதைச் சொல்லவில்லை. நோய் வந்தபோது அவர் செய்ததை நீங்களும் செய்யுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

சரி, எப்பொழுது போவது? நடுக்கம் சில வாரங்களாக நிற்காமல் இருந்தால், அல்லது கூடிக்கொண்டே வந்தால், அல்லது உண்ணவும் உழைக்கவும் தடையானால், முதலில் இந்த வள்ளியூர்ச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தையும் தைராய்டையும் அவர்களே பார்க்கலாம். காரணம் அகப்படாவிட்டாலும், நடுக்கம் ஒரே பக்கத்தில் இருந்தாலும், நடை மெதுவாகியிருந்தாலும், நரம்பு நிபுணரிடம் எழுதி அனுப்பக் கேளுங்கள். சுமார் 40 கிலோமீட்டரில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில், 1965 முதல் நடக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. அது நம் வரிப்பணத்தில் நடப்பது. யாருடைய பிச்சையும் அல்ல.

நாற்பது வயதுக்குள் நடுக்கம் வந்தால் தாமதிக்கவே கூடாது. 1912-ல் வில்சன் என்பவர் விவரித்த நோயில், செம்பு உடம்பில் சேர்ந்து ஈரலையும் மூளையையும் கெடுக்கிறது. விட்டுவிட்டால் சாவு, காலத்தில் கண்டால் மருந்து உண்டு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அக்குறை வந்து சேரும்போதுதான் நோய் வரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திற்குள்ளேயே கட்டும் வழக்கத்தில் அப்படிச் சேர இடம் அதிகம். சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்பவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

திடீரென்று நடுக்கத்தோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் விழுந்தாலோ, காய்ச்சலும் பிதற்றலும் வந்தாலோ நிபுணருக்காகக் காத்திராமல் அந்த நிமிஷமே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தி, நடுங்கிப் பிதற்றினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. அதைப் பேய் என்று கட்டிப்போட்டால் ஆளையே இழந்துவிடுவீர்கள்.

குணமாகாத நோய்க்கு நிபுணர் எதற்கு என்று கேட்பார்கள். பார்க்கின்சன் நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை என்பது மெய். ஆனால் மருந்தாலும் உடற்பயிற்சியாலும் பல வருஷங்கள் தன் வேலையைத் தானே செய்துகொண்டு வாழமுடிகிறது. எசென்ஷியல் டிரெமருக்கோ, தொந்தரவு இல்லையென்றால் மருந்தே வேண்டியதில்லை. வேண்டுமானால் ப்ரோப்ரனலால் போன்றவை உண்டு. இழுப்பு நோயாளிக்கு அது ஆகாது; ஆகையால் பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். பார்க்கின்சன் அல்ல என்று தெரிந்துகொள்வதே பலருக்குப் பாதி வைத்தியம். பயத்தால் இழந்த தூக்கம் திரும்பி வருமல்லவா?

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்பொழுது ஆரம்பித்தது, எந்தக் கை, சும்மா இருக்கும்போதா வேலை செய்யும்போதா, குடும்பத்தில் யாருக்கு உண்டு, சாப்பிடும் மருந்துகள் எவை. நிபுணர் உங்களை நடக்கச் சொல்லுவார். விரலைத் தட்டச் சொல்லுவார். சுருள் கோடு வரையச் சொல்லுவார். இந்நோய்களைப் பெரும்பாலும் இப்படிப் பார்த்துத்தான் அறிகிறார்கள். ஆகவே யாரும் சொல்லுமுன் கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள்.

கடைசியாக, பூசாரியை விட்டுவிட்டு டாக்டரைச் சாமியாக்கிக் கும்பிடும்படி நாம் சொல்லவில்லை. என்ன நோய் என்று எதைக்கொண்டு சொல்லுகிறீர்கள், இந்த மருந்து எதற்கு, அதனால் என்ன தொந்தரவு வரும், சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று அவரிடமும் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பூசாரி கோபித்துக்கொள்வார். நல்ல வைத்தியர் பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய், நடுங்கும் கை உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இனி மறைக்கவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள் என்று கேட்டுக்கொண்டு, எங்கள் சொற்பொழிவை முடித்துக்கொள்ளுகிறோம்.