காட்சிக்குச் செவி: திரைப்படத்தில் ஒலிக்குறிப்பு

படம் பார்த்தான், படம் பார்க்கப் போனாள் என்று கூறுவதே உலக வழக்கு. படம் கேட்டான் என்று எவரும் கூறுவதில்லை. 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' வெளிவந்த காலத்தில் மக்கள் அதனைப் பேசும்படம் என்றனர். பேச்சையும் பாட்டையும் அவர்கள் வியந்தனர். ஆனால் பேச்சும் அல்லாத, பாட்டும் அல்லாத மூன்றாவது ஒலி ஒன்று திரையில் உண்டு. காலடி ஓசை, கதவின் கிரீச்சொலி, மழையின் இரைச்சல், வளையல் உரசல் ஆகியன அதன்பாற்படும். இவை நடிப்பவர் பக்கத்தில் வைத்த மைக்கில் தாமாகவே வந்து விழுகின்றன என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. இவற்றுள் பெரும்பகுதி திட்டமிட்டு, தனியே உண்டாக்கி, தனியே பதிந்து, பின்னர் காட்சியோடு சேர்க்கப்படுவது. அந்தத் திட்டமும் பதிவும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதும், சொல்லை ஆள்வோர்க்கு அதில் என்ன பாடம் உண்டு என்பதுமே இவ்வுரையின் பொருள்.

தோற்றம்

1927இல் வார்னர் நிறுவனத்தின் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்ததும் ஹாலிவுட் முழுவதும் ஒலிக்குத் திரும்பியது. யுனிவர்சல் நிறுவனத்தின் 'ஷோ போட்' அப்போது ஊமைப் படமாக எடுக்கப்பட்டிருந்தது. 1929இல் அதனை வெளியிடுமுன் அதற்கு ஒலி சேர்க்க வேண்டியதாயிற்று. அப்பணியில் ஈடுபட்டோருள் ஒருவர் ஜாக் ஃபோலி. திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் நடப்பவரின் அடிக்கு அடி தாமும் நடந்து, அந்த ஓசையைப் பதிவு செய்யும் முறையை அவர் வளர்த்தார். 1967இல் அவர் மறைந்தார். அவர் பெயர் மறையவில்லை. அத்தொழிலுக்கே ஃபோலி என்பது பெயராயிற்று.

இத்தொழிலின் முதற்பாடம் வியப்பானது. ஒரு பொருளின் ஒலியைக் கேட்பிக்க அப்பொருளே பெரும்பாலும் உதவுவதில்லை. குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை இரண்டு போதும். பனியில் நடக்கும் ஓசைக்குத் தோல்பையில் நிரப்பிய சோளமாவு வேண்டும். எலும்பு முறியும் ஓசையைச் செலரிக் கீரைத் தண்டை முறித்துப் பெறுவர். 1933இல் வெளிவந்த 'கிங் காங்' படத்துக்காக முர்ரே ஸ்பிவாக் சிங்கம், புலி ஆகியவற்றின் முழக்கங்களை வேகம் குறைத்தும் பின்னோக்கி ஓட்டியும் அந்தப் பெருங்குரங்கின் குரலை ஆக்கினார். அது மார்பில் அறைந்துகொள்ளும் ஓசைக்கோ தம் உதவியாளரின் மார்பில் முரசுக்கோலால் தட்டினார். 1960இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' படத்தில் உடலில் கத்தி இறங்கும் ஓசை கசாபா என்னும் முலாம்பழத்திலிருந்து பிறந்தது.

இஃது ஏமாற்று வேலை எனத் தோன்றலாம். தமிழிலக்கணம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஒன்றை உணர்த்த வேறொன்றைக் கொண்டுவருவதே உவமை. திரையில் பொருளைக் கண் காண்கிறது. உவமையைக் காது கேட்கிறது. இரண்டுக்கும் இடையே நிற்க வேண்டிய உருபு மறைந்துவிடுகிறது. ஒலிக்குறிப்பை உவமத்தொகை எனலாம். உருபு தலைகாட்டினால், அதாவது 'இது சிரட்டை' என்று கேட்போனுக்குத் தெரிந்துவிட்டால், தொகை சிதைந்துவிடும்.

திட்டம்

விளக்கத்திற்காகத் தொண்ணூறு நொடிக் காட்சி ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளலாம். காலம் 1970ஆம் ஆண்டு. மழைக்கு முந்திய மாலை. காவிரிக் கரையில் ஓர் ஓட்டு வீடு. முதிய தாய் ஒருத்தி திண்ணையில் அமர்ந்து அரிசி புடைக்கிறாள். தபால் ஊழியர் மிதிவண்டியில் வந்து தந்தி கொடுத்துச் செல்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த வீட்டுச் சிறுவன் படித்துச் சொல்கிறான். முறம் நிற்கிறது. மழை தொடங்குகிறது.

நொடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில் இது 2,160 சட்டங்கள் கொண்ட துண்டு. ஒலியமைப்பாளர் முதலில் இதனை ஒலியின்றிப் பலமுறை ஓட்டிப் பார்ப்பார். பின்னர் ஓர் அட்டவணை எழுதுவார். எந்த நொடியில், எது தோன்றுகிறது, என்ன ஓசை, எவ்வளவு தொலைவிலிருந்து என்பன அதன் பத்திகள். ஓசைகள் மூவகைப்படும். இடம் முழுதும் பரவி நிற்கும் காற்றும் பறவையும் சூழல் ஒலி. உடம்பின் அசைவோடு பிறக்கும் காலடி, சேலைச் சரசரப்பு, முறத்தில் அரிசி துள்ளும் ஓசை ஆகியன ஃபோலி. மிதிவண்டி மணியும் இடியும் தனித்து விழும் ஒலிகள்.

இவற்றின் பின் நான்காவது ஒரு வினா எழுகிறது. திரையில் தெரியாதது எது? கொல்லைப்புறத்தில் மாடு கத்தலாம். இரண்டு வீடு தள்ளி வானொலி பாடலாம். படச்சட்டத்துக்கு நான்கு எல்லைகள் உண்டு. ஒலிக்கு அவை இல்லை. ஒரு திண்ணையை மட்டும் காட்டி ஒரு தெருவையே உணர்த்த ஒலியால் இயலும்.

ஐந்தாவது வினாவே அரியது. இது யார் செவி? தந்தி படிக்கப்பட்ட பின் அந்தத் தாய்க்கு என்ன கேட்கும்? மாடு கத்துவதும் வானொலி பாடுவதும் அவளுக்குக் கேட்குமா? கேட்காது என்று முடிவு செய்தால், பதிவு செய்த ஒலிகளை அங்கு ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். எதைச் சேர்ப்பது என்பது போலவே எதை விலக்குவது என்பதும் திட்டமே. 1955இல் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யில் இதனைச் செய்து காட்டினார். மகள் இறந்த செய்தியைத் தந்தையிடம் சொல்ல மாட்டாமல் தாய் கதறும் இடத்தில் அவள் குரல் கேட்பதில்லை. தார் ஷெனாய் என்னும் கருவி அவளுக்காக அழுகிறது. அழுகையைக் கேட்டிருந்தால் பார்ப்போர் இரங்கியிருப்பர். கேளாமையால் நெஞ்சு நடுங்குகின்றனர்.

திணை மயக்கம்

தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுக்கையில் தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். ஒரு நிலத்தை அறிவதற்கு அதன் ஓசையும் வேண்டும் என்பது அவர் துணிபு. குறிஞ்சிப் பறை நெய்தலில் ஒலிப்பின் அதற்குக் காரணம் வேண்டும்.

திரையுலகில் இவ்வொழுங்கு பலமுறை பிறழ்ந்துள்ளது. 1930களின் டார்சான் படங்களில் ஆப்பிரிக்கக் காட்டினூடே ஆஸ்திரேலியப் பறவையான கூக்கபராவின் சிரிப்பொலி கேட்டது. அமெரிக்கப் படங்களில் வெண்தலைக் கழுகு பறக்கும்போது ஒலிப்பது பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். கழுகின் சொந்தக் குரல் மெல்லியது என்பதே காரணம். இவற்றினும் நெஞ்சைத் தொடுவது ஓர் அலறலின் வரலாறு. 1951இல் 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' என்ற படத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட மனித அலறல் ஒன்று ஒலிக் கிடங்கில் சேர்ந்தது. பின்னாளில் 'வில்ஹெல்ம் அலறல்' என்று பெயர் பெற்ற அது, 'ஸ்டார் வார்ஸ்' உட்பட நூற்றுக்கணக்கான படங்களில் எடுத்தாளப்பட்டது. எத்தனையோ பேர் திரையில் செத்து விழுந்தனர். அத்தனை பேருக்கும் ஒரே தொண்டை. துறையறிந்தோர் அதனை ஒரு வேடிக்கையாகவே போற்றுகின்றனர். ஆயினும் இறப்பவன் எவனாயினும் அலறல் ஒன்றே என்னும்போது அவ்விறப்பு எவனுடையதும் அன்று. நிலவு போன்ற முகம், மான் போன்ற விழி என்று பிறர் கிடங்கிலிருந்து எடுத்து வைக்கும் கவிதைக்கும் இதே நிலைதான்.

பதிவு

ஆகவே அந்தத் தாய்க்கு அவளுடைய முறமே வேண்டும். மூங்கில் முறத்தில் அரிசியிட்டு, ஓசை எதிரொலிக்காத அறையில், திரையைப் பார்த்தவாறே ஒருவர் புடைக்க வேண்டும். ஆயிரம் முறை புடைத்த கையின் தாளம் வேறு, நடிக்கும் கையின் தாளம் வேறு. தாளத்தில் உழைப்பு கேட்க வேண்டும். ஒலிவாங்கியை மிக அண்மையில் வைத்தால் அரிசி கல்லைப் போல் ஒலிக்கும். சற்று விலக்கினால் திண்ணையின் வெளியும் உடன் வரும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னும் பின்னும் சில நொடி அமைதி விடுவது முறை. அறையின் வெறும் ஒலியையும் ஒரு நிமிடம் தனியே பதிந்து வைப்பர். எந்த அமைதியும் வெறுமை அன்று. ஒவ்வோர் இடத்தின் அமைதிக்கும் தனிக்குரல் உண்டு. வெட்டி ஒட்டிய இடங்களை மூட அதுவே பயன்படும்.

மழையை அப்படியே பதிந்தால் எண்ணெய்ச் சட்டியின் இரைச்சலே கிடைக்கும். எனவே ஓட்டில் விழும் துளி, வாழையிலையில் விழும் துளி, பித்தளைக் குடத்தில் விழும் துளி என்று தனித்தனியே பதிந்து, மிக்ஸிங்கின்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். முதல் துளி எதன்மேல் விழ வேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்ய வேண்டும். கைவிடப்பட்ட முறத்தின் மேல் என்பது ஒரு விடை.

இடியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் மின்னினால் மூன்று நொடி கழித்தே இடி கேட்கும். திரைப்படங்களிலோ மின்னலும் இடியும் பெரும்பாலும் ஒருங்கே நிகழ்கின்றன. அந்த மூன்று நொடியை விட்டுக் கொடுத்தால், ஒளியில் தெரிந்த தாயின் முகம் ஓசைக்காகக் காத்திருக்கும். அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவளே உணர அந்த இடைவெளி போதும்.

மறையும் ஒலிகள்

இன்று இக்காட்சிக்கு ஒலி தேடிச் செல்வோர்க்கு ஓர் இடர் உண்டு. மோட்டார் ஓசை கலவாத ஒரு நிமிடக் காற்று ஊர்ப்புறத்திலும் எளிதில் கிட்டுவதில்லை. விடியலுக்கு முன் சென்று பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. தந்திச் சேவை 2013இல் நிறுத்தப்பட்டது. ஏற்றம் இறைப்போர் பாட்டும், உரலில் உலக்கை விழும் ஓசையும், அம்மி உரசலும் அருகிவிட்டன. பொருள் அழிந்தால் அருங்காட்சியகம் உடைந்த துண்டையாவது காட்டும். ஒலி அழிந்தால் துண்டும் மிஞ்சாது.

ஒலிக்கருவி இல்லாத காலத்தில் இக்கவலையைச் சுமந்தவர் ஒருவர் இருந்தார். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனது மலையைப் பாடியபோது அதனை யானையாக்கி, அங்கு எழும் ஓசைகளை அதன் மதமாக்கினார். மலைபடுகடாம் என்ற பெயரே அதனால் வந்தது. அருவியின் ஓசை, குட்டியை இழந்த மந்தியின் அழுகை, தேன் எடுத்த குறவரின் ஆரவாரம், தினை குற்றும் மகளிர் பாட்டு, கரும்பாலையின் இரைச்சல் என அவர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் முறை ஒலியமைப்பாளரின் அட்டவணையை ஒத்தது. எங்கோ கேட்ட ஒலியை அவர் அங்கு வைக்கவில்லை. அந்த மலை இன்றும் கேட்பது அதனால்தான்.

1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த, உரையாடலே இல்லாத படத்துக்குத் தமிழில் 'பேசும் படம்' என்று பெயரிட்டனர். ஐந்து நட்சத்திர விடுதியில் வந்து படுக்கும் ஏழை இளைஞனுக்கு அங்குள்ள அமைதியில் உறக்கம் வருவதில்லை. தன் பழைய குடியிருப்பின் பக்கத்துத் திரையரங்கு இரைச்சலை நாடாவில் பதிந்து வந்து ஓட்டுகிறான், உறங்கிவிடுகிறான். சிரிக்க வைக்கும் காட்சிதான். ஆயினும் மனிதன் தன் இடத்தைச் செவியில் சுமக்கிறான் என்னும் உண்மை அதனுள் இருக்கிறது.

திரைப்படக் கலைஞனின் கையில் ஒலிவாங்கி இருக்கிறது. கவிஞனின் கையில் சொல் இருக்கிறது. இருவர்க்கும் முதற்பணி ஒன்றே: எழுதுமுன், பதியுமுன், அமர்ந்து கேட்டல். இந்த வட்டத்தின் கவிஞர்கள் தத்தம் தெருவில் ஒரு நாழிகை அமர்ந்து, கேட்கும் ஒலிகளைத் தொலைவும் வரிசையும் பிழையாமல் எழுதி வைப்பார்களாயின், இன்னும் பத்தாண்டு கழித்து அத்தாள்களுள் சில, அவ்வொலிகள் வாழும் ஒரே இடமாக இருக்கக்கூடும்.