டிரைவர் உடம்பும் டாக்டர் சர்டிபிகேட்டும்
(கச்சிராயபாளையத்தில் பேசியது)



இங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஸ்டியரிங் பிடித்தவனுக்கு ஒரு விநாடி தலை சுற்றினால் உருளுவது யார்? வண்டியிலிருக்கும் கூலி ஜனங்களும்தான். ஆகவே டாக்டர் சர்டிபிகேட்டை நாம் எதிர்க்கவில்லை. வாடகை வண்டி லைசென்சுக்கு 1-ஏ படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். 5 வருஷத்துக்கொருமுறை லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும். கண், காது, சிவப்பு பச்சை பேதம் எல்லாம் பார்க்கட்டும்.

ஆனால் கரும்பு லாரி டிரைவரைப் பாருங்கள். ஆலைக்குச் சர்க்கரை, அவனுக்குச் சர்க்கரை வியாதி! இன்சுலின் போட்டவன் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஆலை வாசலில் இராப்பகலாய் வரிசையில் கிடப்பவன் எந்த வேளைக்குச் சாப்பிடுவான்? நாளைக்கு 8 மணி வேலை என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் வந்தது. எந்த லாரியில் அதைக் கண்டீர்கள்?

வியாதியைச் சொன்னால் முதலாளி சாவியைப் பிடுங்குவான். அதனால் மறைக்கிறான். குற்றம் அவனுடையதா?

பணியில் ஊனமடைந்தவரை நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் மாற்று வேலை தரவேண்டும் என்கிறது 2016 சட்டம். நிறக்குருடு என்று வீட்டுக்கனுப்பப்பட்ட தெலங்கானா அரசு பஸ் டிரைவருக்கு மாற்று வேலை தரும்படி 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. இதெல்லாம் அரசு வேலைக்கு. தனியார் லாரிக்காரனுக்கு யார் உத்தரவாதம்? அதைத்தான் கேட்கிறோம்.

அதுவரை, ‘உடம்பு சரியில்லை, நானே விலகுகிறேன்’ என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.