வேட்டும் சுரங்கச் சுவரும்



கற்குவாரிக்கு அருகில் குடியிருப்பவர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். குவாரியில் வேட்டு வெடித்ததும், வீட்டுப் பரணில் உள்ள பாத்திரங்கள் கலகலவென ஒலிக்கும். தொலைவிலுள்ள வீட்டையே அசைக்கும் அதிர்வு, வேட்டின் அருகிலேயே நிற்கும் பாறைச் சுவரை என்ன செய்யும்?

திறந்தவெளிச் சுரங்கம் என்பது படிப்படியாக வெட்டப்பட்ட பெருங்குழி. அதன் சுவர்களுக்குக் கீழேதான் தொழிலாளர் வேலை செய்கின்றனர். சுவரை இன்னும் சாய்வாக வெட்டினால் அச்சமில்லையே என்று நீங்கள் கேட்கலாம். 300 மீட்டர் ஆழமுள்ள குழியில் சாய்வை 45 பாகையிலிருந்து 40 பாகையாகக் குறைத்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 8,600 கனமீட்டர் வீண் பாறையைக் கூடுதலாக அகற்ற வேண்டும். சிக்கனமும் உயிர்க்காப்பும் இந்தச் சில பாகைகளிலேயே தங்கியுள்ளன.

வெடி வெடித்தவுடன் துளையை ஒட்டிய பாறை நொறுங்குகிறது. அதற்கப்பால் கீறல்கள் ஓடுகின்றன. வெப்ப வாயு அவற்றுள் புகுந்து அகலப்படுத்துகிறது. இன்னும் தொலைவில் பாறை உடைவதில்லை. அலை மட்டும் பரவி ஓய்கிறது.

அந்த அலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாறைத் துகளின் உச்ச வேகம் நொடிக்கு 50 மில்லிமீட்டர், அதிர்வெண் நொடிக்கு 50 எனக் கொண்டால், பாறை நிலைபெயர்வது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே. அதே வேகத்தில், நொடிக்கு ஒருமுறை அசையும் நிலநடுக்கத்திலோ 8 மில்லிமீட்டர்! மேலும், நொடிக்கு 3,000 மீட்டர் செல்லும் அந்த வெடியலையின் நீளம் 60 மீட்டர்தான். உயர்ந்த சுவரின் ஒரு பகுதி ஒருபுறம் அசைகையில், மற்றொரு பகுதி எதிர்ப்புறம் அசைகிறது. ஆகவே, உறுதியான பெருஞ்சுவரை ஒரே வேட்டு முழுவதும் சரித்துவிடுவது அரிது.

அப்படியாயின் அபாயம் எங்கே? சுவரையொட்டி நாள்தோறும் வைக்கும் வேட்டுகள் சிறுகச் சிறுகக் கீறல்களை வளர்க்கின்றன. மழைநீர் அவற்றுள் நிறைந்து பாறையைத் தள்ளுகிறது. பாறைத் துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் உராய்வு குறைகிறது. இவ்வாறு தளர்ந்து நிற்கும் சுவருக்குச் சிறு அதிர்வும் இறுதித் தள்ளுதல் ஆகலாம்.

தளர்ந்த சுவர் முன்னறிவிப்பும் தரும். சிலி நாட்டின் சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கத்தில் 1966இல் வெடிப்புகள் தோன்றின. 1967 டிசம்பரில் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் நகர்வு மிகுந்தது. பொறியாளர்கள் அதனை இடைவிடாது அளந்து வரைபடமாக்கி, 1969 பிப்ரவரி 18ஆம் நாள் சரிவு நேரும் என்று ஐந்து வாரங்களுக்கு முன்பே கணித்தார்கள். அந்த நாளிலேயே சுவர் சரிந்தது.

சேதத்தைக் குறைக்கவும் வழியுண்டு. எல்லாத் துளைகளையும் ஒருங்கே வெடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக, நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போன்ற சிறு இடைவெளி விட்டு வெடிக்கலாம். இறுதிச் சுவரின் கோட்டில் நெருக்கமாகத் துளையிட்டு, குறைந்த மருந்தால் முதலில் ஒரு பிளவை உண்டாக்கலாம். பின்னர் வைக்கும் பெரிய வேட்டின் கீறல்களும் வாயுவும் அப்பிளவைத் தாண்டிச் செல்வது குறையும். சுவரினுள் தேங்கிய நீரை வடிப்பதும் இன்றியமையாதது.

பாறையை உடைப்பது எளிது. உடைக்கக் கூடாத பாறையை உடையாமல் காப்பதே பொறியாளரின் திறமை. கீழே நிற்கும் தொழிலாளியின் உயிர் அத்திறமையை நம்பியே இருக்கிறது.