டாக்டர் சீட்டும் டிராபிக் கேஸும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பின்னலாடைத் தொழிலில் ஆட்டோமேஷன் பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் கேட்டார். அதில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த ஹாலிலேயே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் அவரிடம் சொல்லிவிட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். காரணம், எனக்கு ஆறு வருஷம் சீனியரான ஒரு அண்ணன் போனில் கேட்ட கேள்வி.

"தம்பி, பொண்ணு நீட்ல நல்ல மார்க்குங்க. ஆனா போன மாசம் டியூஷன் போறப்ப ஸ்கூட்டர்ல புடிச்சுட்டாங்க. ஃபைன் கட்டியாச்சு. இது கம்ப்யூட்டர்ல ஏறியிருக்குமாமே, கவுன்சிலிங்ல கேப்பாங்களா? சீட்டுக்கு ஏதாச்சும் ஆகுமா?"

இதை ஏன் என்னிடம் கேட்டார் என்றால், கம்பெனியில் மிஷின் மெயின்டனன்ஸோடு வண்டிகள் பொறுப்பும் என் தலையில்தான். டிரைவர் லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலைந்ததில் கொஞ்சம் படிக்க வேண்டியதாகிவிட்டது. நான் வக்கீல் இல்லை, சாதாரண மெக்கானிக்கல் இன்ஜினியர்.

அண்ணனுக்குச் சொன்ன பதில் சுருக்கமானது. சீட்டுக்கு ஒன்றும் ஆகாது. நீட் மதிப்பெண், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த சான்று, டி.சி., சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இவைதான் நம் மாநில எம்.பி.பி.எஸ். கவுன்சிலிங்கில் பார்க்கப்படுவது. போக்குவரத்து அபராதம் உண்டா என்று ஒரு கட்டம் அந்த விண்ணப்பத்தில் கிடையாது. அண்ணன் பெருமூச்சு விட்டார். நான்தான் விடவில்லை. "அண்ணா, பொண்ணுக்கு வயசு எவ்வளவுங்க?" என்றேன். பதினேழு.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். சேர அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருந்தால் போதும். கியர் வண்டியோ இப்போது ஓடும் ஸ்கூட்டரோ ஓட்ட 18 முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் 50 சிசி-க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அப்படி ஒரு வண்டியை இன்றைக்கு எந்த ஷோரூமில் போய் வாங்குவது? நம் ஊரில் கட்டிங் துணி மூட்டை ஏற்றிப் போகிற எக்ஸெல் கூட 100 சிசி. ஆக, டாக்டர் சீட்டுக்கு மனுப் போடும் வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு லைசென்ஸ் எடுக்கிற வயதே வந்திருக்காது. காலை ஐந்தரை மணிக்குப் பல்லடம் ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் நின்று பாருங்கள், முதுகில் புத்தகப் பை, ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பேர், சில நாள் மூன்று பேர். கம்பெனி பஸ்களும் சாயத்துணி ஏற்றிய டெம்போக்களும் ஓடுகிற அதே ரோட்டில்.

2019 செப்டம்பர் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர்தான் குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. அந்த வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது அப்பாதான். சம்மதத்தோடுதான் கொடுத்தார் என்று கோர்ட் எடுத்துக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்கும். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று, நம்மில் பலர் கவனிக்காதது: அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். 23, 24 வயதில் டாக்டர். ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சி என்று கூப்பிட்டால் அந்த டாக்டர் அப்பாவை எழுப்பி, "கொஞ்சம் கொண்டுபோய் விடுங்கப்பா" என்று சொல்ல வேண்டும். சிரிக்கிறீர்கள். சட்டம் எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பிடிக்கிற எல்லாரையும் இந்தப் பிரிவில் போடுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத்தை உயர்த்தினார்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000, லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. கட்டினால் அன்றோடு முடிந்தது, அது சமரசக் குற்றம், கோர்ட் தண்டனை ஆகாது. குடித்துவிட்டு ஓட்டுவது அப்படியல்ல. அது சமரசப் பட்டியலிலேயே இல்லை. கோர்ட்டுக்குப் போய்த்தான் தீர வேண்டும், முதல் தடவைக்கே 10,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். நம் ஹாஸ்டல் தம்பிகள் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அபராதம் ஒரு வகை, யார் மேலாவது இடித்துவிட்டால் அது வேறு வகை. கண்மூடித்தனமாக ஓட்டியது என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-வது பிரிவு. ஆள் இறந்துவிட்டால் 106, ஐந்து வருஷம் வரை. 2024 ஜூலை 1-க்கு முன்னால் பழைய சட்டத்தில் இது இரண்டு வருஷமாக இருந்தது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிச் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலிக்கலாம் என்று 2004-ல் சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு உயிருக்கு இழப்பீடு என்றால் எத்தனை லட்சம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெடிக்கல் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம் அங்கே போகும்.

பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சட்டம் கருணையான பதிலைத்தான் வைத்திருக்கிறது. 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் 24-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சிறுவனாக இருந்தபோது செய்த குற்றத்தால் பிற்காலத்தில் படிப்புக்கோ வேலைக்கோ எந்தத் தகுதியிழப்பும் வராது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு ஆவணங்களையே அழித்துவிட வேண்டும். கொடுங்குற்றம் செய்து, 16 வயதுக்கு மேற்பட்டு, பெரியவர்போல் விசாரிக்கப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. அதாவது பதினேழு வயதுப் பையன் உண்மையைச் சொன்னால் அவன் டாக்டராவதற்குக் கதவு திறந்தே இருக்கிறது.

நாம்தான் அதைச் சாத்துகிறோம். எப்படி என்று உங்களுக்கே தெரியும். வண்டி இடித்த உடனே முதலில் போகிற போன் ஆம்புலன்ஸுக்கு இல்லை, டிரைவருக்கு. "டேய், நீ ஓட்டினதாச் சொல்லிரு, மத்ததை நான் பாத்துக்கறேன்." பையன் வீட்டுக்குப் போவான், டிரைவர் ஸ்டேஷனுக்குப் போவான். நம் பக்கத்தில் இதை யாரும் பெரிய குற்றமாக நினைப்பதில்லை, சாமர்த்தியம் என்று பெயர். அந்த டிரைவர் கம்பெனியில் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர். அவருக்கும் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிறது. அவர் லைசென்ஸ் போனால் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போனது. அவரோ சிறுவர் இல்லை, 24-வது பிரிவு அவருக்குக் கிடையாது.

புனேயில் 2024 மே 19 அதிகாலை நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு பேரும் 24 வயது, நம்மைப்போல் இன்ஜினியர்கள். காரில் இருந்த பையனுக்கு 17 வயது, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததைக் கொண்டாடப் போனதாகச் செய்தி. 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு சிறார் வாரியம் அன்றைக்கே ஜாமீன் கொடுத்தது. நாடே கொதித்தது. ஆனால் அந்தக் குடும்பத்தைப் பிடித்து இழுத்தது விபத்து மட்டும் அல்ல. டிரைவரைப் பழி ஏற்கச் சொல்லி அடைத்து வைத்தார்கள் என்று தாத்தா மீதும் அப்பா மீதும் வழக்கு. ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்று அம்மா மீதும், சசூன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இரண்டு பேர் மீதும் வழக்கு, கைது. அந்தப் பையனைச் சிறுவனாகத்தான் விசாரிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சிறார் வாரியம் சொல்லிவிட்டது. மறைத்ததாகச் சொல்லப்படும் பெரியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனக்கு இதில் நெஞ்சில் நிற்பது அந்த இரண்டு டாக்டர்கள் மேல் உள்ள குற்றச்சாட்டுதான். நீட் மாதிரி ஒரு கதவைத் தாண்டி, வருஷக்கணக்கில் படித்து, கடைசியில் ஒரு டிராபிக் கேஸில் போலீஸ் ஜீப்பில் ஏறுவதா?

சரி, சீட்டு வாங்கும்போது கேட்கவில்லை. பிறகு கேட்பார்கள். அரசு வேலைக்குப் போனால் போலீஸ் விசாரணைப் படிவம் வரும், அதில் வழக்கு உண்டா என்று கேள்வி இருக்கும். பாஸ்போர்ட்டுக்குக் கிரிமினல் கேஸ் நிலுவையில் இருந்தால் 1967-ம் வருஷச் சட்டப்படி மறுக்கலாம். கோர்ட்டில் அனுமதி வாங்கினால் கிடைக்கும், 1993-ல் அதற்கு வழி செய்திருக்கிறார்கள். இது டாக்டருக்கு மட்டும் இல்லை, ஆன்சைட் போகக் கனவு காணும் நம் தம்பிகளுக்கும்தான். அமெரிக்க விசா விண்ணப்பத்திலேயே, எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி நிற்கிறது.

இங்கே ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, வேலைக்கான படிவத்தில் வழக்கை மறைத்தால் என்ன செய்வது என்று விரிவாகச் சொன்னார்கள். இளவயதில் நடந்த அற்ப விஷயம் என்றால் வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய விஷயத்தை மறைத்தால் வேலையிலிருந்து எடுத்துவிடலாம். உண்மையைச் சொன்னவரையும் அவர்கள் பரிசீலிக்கலாம், ஆனால் பொய்யன் என்ற முத்திரையோடு அவர் போய் நிற்க மாட்டார். பல பேர் வேலை போனது கேஸால் அல்ல, "இல்லை" என்று எழுதிய ஒரு வார்த்தையால்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நம் நண்பர்கள் சிலர் இன்று வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க மெடிக்கல் காலேஜ்களின் பொது விண்ணப்பத்தில் குற்றத் தண்டனை பற்றி நேரடியாகவே கேட்கிறார்கள். பெரிய குற்றம் மட்டும் இல்லை, 'மிஸ்டிமீனர்' என்கிற சிறு குற்றமும் சேர்த்து. பார்க்கிங் டிக்கெட் அதில் வராது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. வர்ஜீனியாவில் வேக வரம்பைவிட 20 மைல் அதிகமாகப் போனாலே அது வெறும் டிக்கெட் இல்லை, கிரிமினல் குற்றம். நம் ஊர் ஆட்கள் அதையும் ஃபைன் என்று நினைத்துக் கட்டிவிட்டு வருவார்கள், விண்ணப்பத்தில் "இல்லை" என்று எழுதுவார்கள், பின்னாலேயே பின்னணி விசாரணையில் அது வெளியே வரும். வேகமாகப் போன பையனை அவர்கள் மன்னித்தாலும் மன்னிப்பார்கள், பொய் எழுதிய பையனிடம் நோயாளியை ஒப்படைக்க யோசிப்பார்கள். இங்கிலாந்தில் டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சில், டிராபிக்குக்குக் கட்டிய அந்த இடத்து அபராதத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. கோர்ட் தண்டனை என்றால் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டிலும் டாக்டர் ஆன பிறகு ஒன்று இருக்கிறது. 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகளில், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குக் கோர்ட்டில் தண்டனை பெறுவது தொழில் தவறு. ஹெல்மெட் போடாதது அதில் வராது. பொய்ச் சாட்சி, ஆள் மாற்றம் எல்லாம் எந்தப் பக்கம் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கடைசியாக, "அப்ப டியூஷனுக்கு என்னதான் பண்றதுங்க, காலைல அஞ்சரைக்கு பஸ்ஸு ஏதுங்க?" என்றார். நியாயமான கேள்வி. திருப்பூரில் 2022-லேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. டியூஷனுக்கு விடியற்காலையில் ஒரு டவுன் பஸ் வரவில்லை. இப்போதைக்கு நான் பார்த்த வழி இரண்டு. மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவான வேகமும், 250 வாட்டுக்கும் குறைவான மோட்டாரும் உள்ள பேட்டரி ஸ்கூட்டரைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே எடுத்துக்கொள்வதில்லை, அதற்கு லைசென்ஸ் வேண்டாம். வாங்கும்போது கடைக்காரர் சொல்லை நம்பாமல் அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், கூட்டினால் அது மோட்டார் வாகனம். ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுங்கள், சட்டம் கேட்காவிட்டாலும் தலை கேட்கும். இன்னொன்று, ஒரே தெருவிலிருந்து நாலு பிள்ளைகள் போகிறார்கள் என்றால் நாலு அப்பாக்கள் முறை போட்டுக் கொண்டுபோய் விடலாம். எங்கள் தெருவில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை என் முறை.

பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். போடுங்கள். ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து லைசென்ஸுக்குப் போகலாம். அண்ணன் பெண்ணுக்கு நவம்பரில் பிறந்தநாள் வருகிறதாம். ஸ்கூட்டர் சாவி அதுவரை அவர் சட்டைப் பையிலேயே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள், யாருக்காவது கேள்வி இருந்தால் பந்தியில் பேசிக்கொள்ளலாம்.