நேரில் கேட்ட பாட்டு



ஒரு பாட்டை இசைத்தட்டிலும் வானொலியிலும் நூறு முறை கேட்டவன், அதே பாட்டை நேரில் கேட்பதற்காகப் பொருள் செலவிட்டு நெடுந்தொலைவு செல்வது எதற்காக? தில்லியில் என் அலுவலக நண்பர் ஒருவர் இக்கேள்வியை என்னிடம் கேட்டார். அதிலும், பாட்டை ஆக்கியவர் முதுமை எய்தியவர். புகழ்பெற்ற அவருடைய பாட்டுக்களுட் பல முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒலிப்பதிவானவை. அவற்றைப் பாடியவருள் சிலர் இன்று உயிருடன் இல்லை. இந்நிலையில் வீட்டிலிருந்தபடியே கேட்பதுதான் அறிவுடைமை என்பது அவர் வாதம். வாதத்தில் பிழையில்லை. ஆயினும், 2022-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் சென்னைத் தீவுத்திடலில் 'ராக் வித் ராஜா' என்ற பெயரில் நடைபெற்ற இளையராஜா அவர்களின் இசை நிகழ்ச்சிக்கு நான் தில்லியிலிருந்து சென்றேன். எழுபத்திரண்டு வயதான என் தாயாரையும் சூரியநெல்லியிலிருந்து வரவழைத்தேன். அதற்குரிய காரணத்தைச் சொல்வதே இன்றைய பேச்சு.

சூரியநெல்லி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள தேயிலை ஊர். கொழுக்குமலை தமிழ்நாட்டைச் சேர்ந்தது; ஆனால் அங்குச் செல்லும் ஜீப்புப் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. அம்மலையின் விளிம்பில் நின்றால் தேனி மாவட்டத்துச் சமவெளி காலடியில் விரிந்து கிடக்கும். இப்பகுதித் தோட்டங்களில் கொழுந்து கிள்ளித் தலைமுறைகளாக வாழ்ந்துவருவோர் தமிழர். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்று பெயர். இசைப் புலவர் கூறும் லயத்துக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் மலையேறியபின் இவ்வுருவம் பெற்றது. சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கடத்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின்மீது தனி அன்பு உண்டு.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. அடுத்த ஆண்டு நடந்த முதற்பொதுத்தேர்தலில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் அம்மையார் வென்றார். அத்தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாகவே, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. வாக்காளருட் பெருந்தொகையினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். மேடைப் பேச்சு அவர்களிடம் செல்லுபடியாகாதென்று கண்ட கம்யூனிஸ்டுக் கட்சியினர் பாட்டை நாடினர். மலையடிவாரத்தில் தேவாரத்துக்கு அருகே உள்ள பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் வந்தார். மக்கள் வாயில் வழங்கிய மெட்டுக்களில் புதிய சொற்களை இட்டுத் தோட்டந்தோறும் பாடினார். அம்மையார் மீண்டும் வென்றார். கட்சிகளின் வெற்றி தோல்வியைப்பற்றிப் பேச நான் வரவில்லை. பாவலரோடு அக்காலத்தில் பாடத் தொடங்கிய தம்பி ஒருவர் உண்டு. ராசையா என்று வீட்டார் அழைத்த அச்சிறுவரே பிற்காலத்து இளையராஜா. மகரக்கட்டு உடையாத அந்த வயதில் பெண்குரலுக்குரிய பகுதிகளை அவர் பாடுவாராம்.

என் தாயாருக்கு அப்போது எட்டு வயது. பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதைச் சுற்றி மொய்த்த ஈசல், ஓர் ஆர்மோனியப் பெட்டி, பெண்பிள்ளைபோலப் பாடிய ஒரு பையன் — இவ்வளவே அவர் நினைவில் உள்ளவை. பாட்டின் சொற்கள் நினைவில்லை. ஆனால் பாட்டு எதைப்பற்றியது என்பதை மறக்கவில்லை. கொழுந்துக் கூடையின் எடையும், நனைந்த கம்பளியும், கூலிக் கணக்கும் அதில் வந்தனவாம். 'நம்ம வேலையைப் போய்ப் பாட்டில் வைப்பார்களா என்று ஆத்தா சிரித்தாள். அப்புறம் அழுதாள்' என்று என் தாயார் கூறுவார். மஸ்டர் ஏட்டில் ஓர் எண்ணாக மட்டும் இருந்த பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

சகோதரர்கள் 1968-இல் சென்னை சேர்ந்ததும், தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேனாட்டிசை பயின்றதும், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்ததும், 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்ததும் நீங்கள் அறிந்தவை. 'பாவலர் தம்பி சினிமாவுக்குப் பாட்டுப் போட்டிருக்கிறான்' என்றுதான் எங்கள் மலையில் அச்செய்தி பேசப்பட்டது. தமையனார் அதைக் காண இருக்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது ஒலிநாடாக் காலம். போனஸ் பணத்தில் என் தந்தையார் ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கினார். வேண்டிய பாட்டுக்களைத் தாளில் எழுதிக்கொண்டு போடிக்கு இறங்கினால், அங்குள்ள ஒலிப்பதிவுக் கடையில் தொண்ணூறு நிமிட நாடாவில் பதிந்து தருவார்கள். பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் வீட்டில் பெரும்போரே நிகழும். மலைப்பனியின் ஈரத்தில் நாடா சிக்கிக்கொள்ளும். பென்சிலைச் செருகிச் சுற்றி அதை நேராக்குவோம். ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தில் எங்கள் நாடா சற்றே இழுத்துப் பாடும். அந்த இழுப்பும் மெட்டைச் சேர்ந்ததென்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

இனித் தீவுத்திடலுக்கு வருவோம்.

பதிவில் கேட்கும்போது பாட்டு ஒரே பொருளாக நம்மை வந்தடைகிறது. நேரில் அது பல கைகளாகப் பிரிந்து தெரிகிறது. வரிசையாக அமர்ந்த வயலின்காரர்களின் வில்கள் ஒன்றுபோல் ஏறி இறங்குவதைப் பார்த்தபிறகுதான், நான் இளமை முதல் முணுமுணுத்துவந்த ஓர் இடையிசைக்கு இத்தனை பேர் உழைக்க வேண்டுமென்று புரிந்தது. பாட்டு முழுவதிலும் சில விநாடிகளே ஒலிக்கும் குழலுக்காக ஒருவர் காத்திருக்கிறார். தம் முறை வந்ததும் வாசிக்கிறார். குழலை மடியில் வைத்துவிட்டு மறுபடி காத்திருக்கிறார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரங்களைத் தாளில் முன்னரே எழுதிக் கொடுத்துவிடுவது இளையராஜாவின் முறை. எழுதியதினின்று ஒருவர் வழுவினால், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிலும் நிறுத்தச் சொல்லி மீண்டும் தொடங்கச் செய்வது அவர் வழக்கம். இதைச் செருக்கு என்பாரும் உண்டு. எனக்கு அது தோட்டத்து நிறுவைக்காரரை நினைவூட்டுகிறது. தராசின் முள் நிலைக்கு வரும்வரை அவர் கூடையை எடுக்க விடமாட்டார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். திறந்தவெளியில் ஒலிபெருக்கியின் தடித்த ஓசைகள் மேலோங்கி, நுண்ணிய தந்தியொலிகளை அடக்கிவிடுகின்றன. இடையிசை கேட்க வந்தவனுக்கு இது பெருங்குறை. அவருடைய குரலும் அன்று எழுபத்தெட்டு வயதுக் குரல். மேல் சுரங்களை எட்டும்போது அது நடுங்குவதை மறைக்க இயலாது. எல்லாவற்றினும் பெரிய குறை, எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் இல்லாமையே. 2020 செப்டம்பர் 25-இல் அவர் மறைந்து ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தது. தம் பாட்டுக்களை இசைவின்றி மேடைகளில் பாடலாகாதென்று 2017-இல் இளையராஜா அவருக்குச் சட்ட அறிவிப்பு விடுத்ததும், ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டதும், 2019 ஜூனில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பாட்டு ஆக்கியோனுக்கு உரியதா, பாடியோனுக்கு உரியதா என்ற அவ்வழக்கில் நான் ஆக்கியோன் பக்கமே. ஆனாலும் அன்றிரவு பாலசுப்பிரமணியத்தின் பாட்டுக்களை மற்றவர்கள் பாடியபோது, என்னைச் சுற்றியிருந்தோர் மேடைக்குரலைக் கேட்கவேயில்லை. தாங்களே பாடினார்கள். மூச்சு எடுக்கும் இடம், சொல்லுக்கிடையே அவர் இலேசாகச் சிரிக்கும் இடம் ஆகியவற்றையும் விடாமல் பாடினார்கள். இல்லாத ஒருவரின் இடத்தை அத்தனை பேர் நிரப்பியதை எந்த நாடாவிலும் நான் கேட்டதில்லை.

நடிகர் தனுஷ் தம் புதல்வர் இருவரோடு வந்திருந்தார். அவர் மேடையேறியபோது எழுந்த ஆரவாரத்தில் என் தாயார் திடுக்கிட்டு, 'யாரய்யா அந்தப் புள்ள, சாப்பிடவே மாட்டானா?' என்று கேட்டார். முன்வரிசை இளைஞர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மற்றபடித் தாயார் அமைதியாகவே இருந்தார். அத்தனை விளக்குகளும் வாத்தியங்களும் அவரைக் கவர்ந்ததாகத் தெரியவில்லை. 'ஏய்யா, அந்தப் பையன் எங்கே?' என்று இருமுறை கேட்டார். வெள்ளுடையில் நிற்கும் முதியவரைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. பின்னர் இளையராஜா ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து தாமே பாடத் தொடங்கினார். தாயார் முன்னே சாய்ந்து, கையைக் காதருகே குவித்து, நெடுநேரம் கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, 'குரல் உடைஞ்சு போச்சேய்யா அந்தப் பையனுக்கு' என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உடைந்துவிட்ட குரல் அது. பெண்குரலில் பாட இயலாமற் போனபின்னரே அச்சிறுவர் ஆர்மோனியத்தை முனைந்து கற்றார். குரல் உடையாதிருந்தால் அப்பெட்டி அவர் கைக்கு வந்திருக்குமோ, என் நாடாக்களில் பதிய ஏதேனும் இருந்திருக்குமோ! தேயிலை நாட்டார் கேட்டுத் திளைத்த அந்தக் குரலின் கடைசிச் சாட்சிகளுள் ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்ததற்கு அதுவே போதும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு சொல். நம் ஊர்களுக்கும் இக்குழுவினர் வரும் நாளுண்டு. வீட்டு முதியவர்களை, 'கூட்டத்தில் உங்களால் முடியாது' என்று சொல்லி விட்டுச் செல்லாதீர்கள். நாற்காலிக்குச் சற்று மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். வெளியேற ஒரு மணி நேரம் ஆகும். குடிக்க வெந்நீர் கொண்டுபோவது நலம்.

2025 மார்ச் 8-இல் இளையராஜா தம் 'வேலியண்ட்' சிம்பொனியை இலண்டன் மாநகரில் அரங்கேற்றினார். அதற்குச் செல்லும் வசதி எனக்கில்லை. செய்தியைப் படித்துவிட்டுச் சூரியநெல்லிக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் அவர் எழுதியதைப் பார்த்து வாசித்தார்கள் என்று விளக்கினேன்.

'பாட்டு யார் பாடினது?' என்றார் தாயார்.

'சிம்பொனியில் பாட்டு இல்லை, அம்மா. வாத்தியம் மட்டும்தான்.'

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. மழை ஓட்டின்மேல் விழும் ஓசை கேட்டது.

'அப்போ அந்த ஊர்ச் சனம் கூடச் சேர்ந்து எதைப் பாடும்?' என்று கேட்டார்.