களவுப் பொருள் காக்கும் வைப்பகங்கள்



களவுப் பொருளை, களவென்று அறிந்தே தன் வீட்டில் மறைத்து வைப்பவனை என்னென்று அழைப்போம்? அவனும் கள்வனே என்போம். இவ்வறம் ஊருக்கு மட்டுந்தானா? உலகுக்கு இல்லையா?

நைசீரியாவைப் பாருங்கள். மண்ணுக்கடியில் எண்ணெய், மண்மேல் வறுமை! 1993 முதல் 1998இல் இறக்கும்வரை அந்நாட்டைப் படைவலியால் ஆண்ட சானி அபாச்சா, மக்கள் பொருளில் நூற்றுக்கணக்கான கோடி தாலரைச் சுருட்டினான். அதனைத் தன் மண்ணிலா புதைத்தான்? சுவிட்சர்லாந்து, இலக்சம்பர்க்கு, செர்சித் தீவு ஆகியவற்றின் வைப்பகங்கள் வாங்கி வைத்துக்கொண்டன. பொருளுக்குரியவன் பெயரை வெளியிடும் வைப்பக ஊழியனையே குற்றவாளியாக்கும் சட்டத்தைச் சுவிட்சர்லாந்து 1934இலேயே இயற்றியிருந்தது!

பின்னர் என்ன நேர்ந்தது? நெடிய வழக்காடலுக்குப் பின், 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 70 கோடி தாலரை அந்நாடு திருப்பியது. 2017ஆம் ஆண்டு உடன்பாட்டால் மேலும் 32 கோடி. செர்சியில் முடங்கிய 30 கோடிக்கு மேற்பட்ட தொகையோ 2020இல்தான் வந்தது. மருந்தின்றி மாண்ட மகவுக்கு, இருபத்திரண்டு ஆண்டு கழித்து வரும் மருந்தால் என்ன பயன்?

இதே மறைகதவு வழியேதான் பெருவணிகக் குழுக்கள் ஏழை நாடுகளுக்குரிய வரியையும் கடத்துகின்றன.

ஆதலின், பொருளைத் திருப்புவது கொடையன்று, கடன். வாங்கும்போதே "இது யார் பொருள்?" என்று கேட்பதே அறம். அக்கேள்வியை உலகம் கேட்கும்வரை நாம் ஓயாது கேட்போம்!