காமிராக்களைக் காத்தல்

மும்பைப் புகைப்படக் கலைஞர் திலீஷ் பரேக் 4,425 காமிராக்களைச் சேர்த்து, 2003ஆம் ஆண்டில் கின்னஸ் சாதனை படைத்தார். சேர்ப்பதினும் காப்பதே அரிது. அம்பத்தூரில் புகைப்படத் தொழில் செய்யும் என் பழைய மாணாக்கர் காமிராவைத் தோலுறையில் வைப்பதில்லை. தோல் ஈரத்தை ஏற்கும். வில்லையில் பூஞ்சை படரும். ஏரிக் காற்று வீசும் ஊரல்லவா!

சுருள்வில்லும் பற்சக்கரமும் கொண்ட அவருடைய ஃபிலிம் காமிராக்கள் ஐம்பது ஆண்டு கழிந்தும் 'டக்' என்று இயங்குகின்றன. இருபது ஆண்டே ஆன டிஜிட்டல் காமிராவோ, அதற்குரிய பாட்டரி கிடைக்காமல் ஊமையாய்க் கிடக்கிறது.

ஆயினும் முன்னவற்றிற்கு ஃபிலிம் வேண்டுமே! 1960இல் உதகையில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' ஃபிலிமைச் செய்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இப்போது வெளிநாட்டு ஃபிலிம்தான், விலையைக் கேளாதீர்கள். இருந்தும் சுருள்வில் இறுகிவிடாதிருக்க, மாதந்தோறும் ஒவ்வொன்றையும் வெறுமனே இயக்கிப் பார்க்கிறார்.